கேலனுக்கு எத்தனை மைல்? பிக்கப் டிரக்கும் எரிபொருள் கணக்கும்

டெக்ஸஸின் 130-ஆம் எண் மாநில நெடுஞ்சாலையில், மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்குத் தெற்கே தொடங்கி செகின் ஊர்வரை போகும் பகுதியில் 2012 முதல் மணிக்கு 85 மைல் வேகத்தில் போகலாம். நம் கணக்கில் 137 கிலோமீட்டர். அமெரிக்காவில் இதைவிட உயர்ந்த வேகவரம்பு வேறெந்தச் சாலைக்கும் கிடையாது. மேற்கு டெக்ஸஸில் ஐ-10 நெடுஞ்சாலையின் நீண்ட பகுதிகளில் 80 மைல் வரை அனுமதி உண்டு. வேலைக்குப் போகிறவர், பண்ணைக்குத் தீவனம் ஏற்றுகிறவர், வார இறுதியில் படகை இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போகிறவர் எனப் பலதரப்பட்டவர்களும் இந்தச் சாலைகளில் ஓட்டுவது பிக்கப் டிரக். ஃபோர்டு நிறுவனத்தின் எஃப் வரிசைதான் 1977 முதல் அந்த நாட்டில் அதிகம் விற்கும் டிரக்.

பெரும்பாலான புதிய வண்டிகளின் கண்ணாடியில் அரசு அங்கீகரித்த மைலேஜ் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். 2021 மாடல் எஃப்-150, 2.7 லிட்டர் டர்போ எஞ்சின், இரு சக்கர இயக்கம் என்றால் அதில் இருந்த எண்கள்: ஒரு கேலனுக்கு நகரத்தில் 20 மைல், நெடுஞ்சாலையில் 26, இரண்டும் சேர்ந்து 22. லிட்டருக்கு முறையே 8.5, 11, 9.4 கிலோமீட்டர். வாங்கியவர் ஐ-10-இல் 80 மைல் வேகத்தில் போகிறார். அடுத்த பங்க்கில் டாங்க்கை நிரப்பிக் கணக்குப் போட்டால் 20-ஐத் தாண்டுவதே பெரும்பாடாக இருக்கிறது. நெடுஞ்சாலையில்தானே ஓட்டினோம், 26 எங்கே போயிற்று என்ற கேள்வி எழுகிறது. ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபமும் சேர்கிறது. அந்தக் கோபம் நியாயமா என்று தீர்மானிக்க, 26 என்ற எண் எப்படிப் பிறந்தது என்று பார்க்க வேண்டும்.

அது பிறந்த இடம் ஆய்வுக்கூடம். வண்டியைப் பெரிய உருளைகளின்மேல் நிறுத்திக் கட்டிவிடுகிறார்கள். சக்கரம் சுழலும், வண்டி நகராது. ஓட்டுநருக்கு எதிரே ஒரு திரை. அதில் வேகக் கோடு ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கோட்டைவிட்டு விலகாமல் ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் மிதிப்பது அவர் வேலை. எத்தனை லிட்டர் செலவானது என்று டாங்க்கில் அளப்பதில்லை. புகைக்குழாயில் வெளிவரும் வாயுவைச் சேகரித்து, அதிலுள்ள கார்பனை அளந்து, எரிந்த பெட்ரோலைக் கணக்கிடுகிறார்கள். மிகத் துல்லியமான முறை இது.

திரையில் ஓடும் கோட்டில்தான் விஷயம் இருக்கிறது. நகரச் சோதனையின் வேகக் கோடு அந்தக் காலத்து லாஸ் ஏஞ்சலஸ் நகரப் போக்குவரத்தை வைத்து வரைந்தது. சராசரி வேகம் மணிக்கு 20 மைலுக்கும் சற்றுக் குறைவு; உச்ச வேகம் 57 மைலைத் தொடாது. நெடுஞ்சாலைச் சோதனை 10 மைலுக்குச் சற்றே கூடுதல் தூரம், 765 விநாடிகள், சராசரி 48 மைல். அதன் உச்ச வேகம் 60 மைல், அதாவது 97 கிலோமீட்டர். டெக்ஸஸின் வேகமான சாலைகளில் யாரும் அந்த வேகத்தில் போவதில்லை.

இந்தக் குறை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்குத் தெரியாததல்ல. ஆய்வுக்கூட எண்ணுக்கும் சாலை எண்ணுக்கும் ஒத்துவரவில்லை என்ற புகார்கள் குவிந்தபின், 1985 மாடல் ஆண்டிலிருந்து நகர எண்ணில் 10 சதவீதமும் நெடுஞ்சாலை எண்ணில் 22 சதவீதமும் கழித்தே ஸ்டிக்கரில் அச்சிட்டார்கள். அதுவும் போதவில்லை. 2008 மாடல் ஆண்டில் முறையையே மாற்றினார்கள். 80 மைல் வரை விரட்டி ஓட்டும் சோதனை, 35 டிகிரி செல்சியஸ் வெயிலில் ஏசி போட்டு ஓட்டும் சோதனை, உறைநிலைக்கு 7 டிகிரி கீழே குளிரில் ஓட்டும் சோதனை ஆகிய மூன்றும் பழைய இரண்டோடு சேர்ந்தன. எல்லா வண்டிகளையும் ஐந்திலும் ஓட்டுவதில்லை. பழைய இரண்டு சோதனைகளின் முடிவை ஒரு வாய்பாட்டில் போட்டு, ஐந்துக்கும் ஈடான எண்ணைப் பெற நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. ஆக, இன்றைய ஸ்டிக்கர் பழையதைவிட எவ்வளவோ நேர்மையானது. நம் ஊரில் வாகனச் சோதனை நிறுவனமான அராயின் சான்றிதழ் எண்ணைப் பார்த்துவிட்டுச் சாலையில் அதைவிடக் குறைவாக எதிர்பார்க்கப் பழகியவர்களுக்கு இந்த வேறுபாடு புரியும். இந்தியச் சோதனையின் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர்தான்.

ஆனால் எல்லா வாகனங்களுக்கும் பொதுவான ஒரு கழிவு, பிக்கப்புக்கு மட்டும் போதாமல் போகிறது. அதற்குக் காரணம் காற்று.

ஓர் எஃப்-150-க்கு எதிரே போய் நின்று பாருங்கள். அகலம் 2 மீட்டருக்குச் சற்று அதிகம். நான்கு சக்கர இயக்க வண்டியின் உயரமும் ஏறத்தாழ அவ்வளவே. ஒரு டொயோட்டா கேம்ரி 1.84 மீட்டர் அகலம், 1.44 மீட்டர் உயரம். பிக்கப்பின் முகப்பு செங்குத்தான சுவர்போல எழுந்து நிற்கிறது. அதற்குப் பின்னால் செங்குத்தான கண்ணாடி. கூரை முடிந்ததும் சட்டென்று பள்ளமாக இறங்கும் திறந்த தொட்டி. அடிப்பகுதியில் ஆக்சிலும் சட்டமும் காற்றுக்கு நேராகத் தெரிகின்றன. காற்றை வழுக்கிப் போகவிடுவதற்கு இதில் எதுவும் உதவுவதில்லை.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 60 மைலிலிருந்து 75-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. காற்றுத்தடையோ 56 சதவீதம் கூடுகிறது. 80-க்குப் போனால் 78 சதவீதம். டயர் உருளும் தடை இந்த அளவுக்கு ஏறாது. பாரம் கூடும்போது எஞ்சினின் திறனும் கொஞ்சம் மேம்படும். அதனால் பெட்ரோல் செலவு அதே விகிதத்தில் ஏறுவதில்லை. இருந்தாலும் 60 மைலில் 24 கொடுத்த முழு அளவு பிக்கப், 75-இல் 19 அல்லது 20-க்கு இறங்குவது முற்றிலும் இயல்பு. அது பழுதின் அறிகுறி அல்ல. மெக்கானிக்கிடம் கொண்டுபோய் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்து, பிளக்கை மாற்றி, இன்னும் 200 டாலர் செலவழித்தாலும் அந்த 24 திரும்பாது. வேகத்தைக் குறைத்தால் திரும்பும். பிக்கப் வைத்திருப்பவருக்கு நான் சொல்லக்கூடிய பயனுள்ள செய்தி ஒன்றே ஒன்று உண்டென்றால் அது இதுதான்: ஸ்டிக்கரில் உள்ள நெடுஞ்சாலை எண் என்பது சுமார் 60, 65 மைலில், காலி வண்டியில், காற்றில்லாத நாளில் கிடைப்பது. அதைவிட வேகமாகப் போகிறவர் அதிலிருந்து கழிக்கத் தொடங்க வேண்டும்.

காற்றைப் பற்றிய பேச்சில் பின்கதவும் வந்துவிடும். தொட்டியின் பின்கதவைத் திறந்து தொங்கவிட்டால் காற்று சுலபமாக வெளியேறி மைலேஜ் கூடும் என்ற நம்பிக்கை பல தலைமுறையாக இருக்கிறது. பார்த்தவுடன் நியாயமாகவே படும். காற்றுச்சுரங்கச் சோதனைகள் வேறு சொல்கின்றன. கதவு மூடியிருக்கும்போது கூரையைத் தாண்டிவரும் காற்றில் ஒரு பகுதி தொட்டிக்குள் மாட்டிக்கொண்டு அங்கேயே மெதுவாகச் சுழல்கிறது. மேலே வரும் காற்று அந்தச் சுழலின் முதுகில் வழுக்கிக்கொண்டு பின்கதவைத் தாண்டிப் போய்விடுகிறது. கதவைத் திறந்தால் சுழல் கலைகிறது, தடை கூடுகிறது. தொலைக்காட்சித் தொடரான மித்பஸ்டர்ஸும் இதைச் சோதித்து, கதவு மூடிய வண்டியே அதிக தூரம் போனதைக் காட்டியது. தொட்டிக்கு மூடி போடுவது சிறிதளவு உதவும். சிறிதளவுதான், மூடியின் விலையை மிச்சமாகும் பெட்ரோலில் மீட்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் பல ஆண்டு காத்திருக்க வேண்டும்.

இனி சுமை. பிக்கப் வாங்குவதே சுமைக்காக என்பதால் இதில் எதிர்பார்ப்பு தெளிவாக இருக்க வேண்டும். தொட்டியில் ஏற்றும் எடை நெடுஞ்சாலையில் பெரிய சேதம் செய்வதில்லை. ஒரே வேகத்தில் போகிறவரை எடை டயரின் உருள்தடையை மட்டுமே கூட்டும். நின்று நின்று போகும் நகரத்திலும் மேட்டுச் சாலையிலும்தான் அது தன் கனத்தைக் காட்டும். டிரெய்லர் இழுப்பது வேறு கதை. தங்கும் வசதியுள்ள பெட்டி டிரெய்லர் ஒன்றின் அகலம் 2.4 மீட்டர், உயரம் 3 மீட்டரைத் தாண்டும். காற்றுக்கு அது காட்டும் முகப்பு, இழுக்கும் வண்டியின் முகப்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. வண்டியின் மறைவில் ஒளியாத அந்த மேல்பகுதி முழுக்கக் காற்றில் மோதிக்கொண்டே வரும். தனியாக 20 மைல் கொடுக்கும் பிக்கப், இப்படி ஒன்றை இழுக்கும்போது 9-க்கும் 11-க்கும் இடையில் நிற்கும். பாதி என்று வைத்துக்கொள்ளலாம். அதே எடையுள்ள தாழ்வான படகு டிரெய்லரை இழுத்தால் இவ்வளவு இழப்பு இருக்காது. விற்பனைக் கையேட்டில் போட்டிருக்கும் இழுவைத் திறன் பவுண்டு கணக்கில் இருக்கிறது. பெட்ரோலைத் தின்பதோ பெரும்பாலும் டிரெய்லரின் உயரமும் அகலமும்.

இதன் விளைவு பயணத் திட்டத்தில் தெரியும். 26 கேலன் டாங்க் உள்ள வண்டி 22 மைல் கணக்கில் 570 மைல் ஓடும். 10 மைல் கணக்கில் 260. டாங்க் வற்றும்வரை யாரும் ஓட்டுவதில்லை என்பதால், மேற்கு டெக்ஸஸ் போன்ற இடத்தில் டிரெய்லரோடு போகிறவர் 200 மைலுக்கு ஒருமுறை பங்க்கைத் தேட வேண்டும். நீள டிரெய்லரைத் திருப்ப இடமுள்ள பங்க்காகவும் அது இருக்க வேண்டும்.

சிறிய டர்போ எஞ்சின்களின் இயல்பும் இங்கே வெளிப்படும். ஃபோர்டு 2011-இல் எஃப்-150-இல் 3.5 லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போவைக் கொண்டுவந்தது. பாரமில்லாமல் மிதமாகப் போகும்போது டர்போவுக்கு வேலை அதிகமில்லை. சிறிய எஞ்சினின் சிக்கனம் கிடைக்கிறது. பாரத்தோடு மேடேறும்போது டர்போ முழு வீச்சில் காற்றைத் திணிக்க, அதற்கேற்பப் பெட்ரோலும் போகிறது. எஞ்சினைக் குளிர்விக்கவே கூடுதலாகக் கொஞ்சம் பெட்ரோல் பாய்ச்சப்படுவதும் உண்டு. ஆய்வுக்கூடக் கோடு பெரும்பாலும் மிதமான பாரத்தில் ஓடுவதால் ஸ்டிக்கர் இந்த எஞ்சினின் நல்ல முகத்தையே காட்டுகிறது. மாதம் முழுக்க டிரெய்லர் இழுப்பவருக்கு டீசல் பொருத்தம். 2020 செவர்லே சில்வராடோ 3 லிட்டர் டீசல், இரு சக்கர இயக்கத்தில், நெடுஞ்சாலைக்கு 33 என்ற எண்ணோடு வந்தது. ஒரு கேலன் டீசலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ 13 சதவீதம் அதிக ஆற்றல் இருக்கிறது என்பதையும், அங்கே டீசல் விலை பெரும்பாலும் கூடுதல் என்பதையும் அந்த 33-இன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

குளிர்கால மைலேஜைப் பற்றி குளிர் மிகுந்த மினசோட்டா மாநிலத்தாருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உறைநிலைக்கு 7 டிகிரி கீழே, நகர ஓட்டத்தில் பெட்ரோல் வாகனத்தின் மைலேஜ் 15 சதவீதம்போலக் குறையும். மூன்று நான்கு மைலில் முடியும் குறும்பயணங்களில் 24 சதவீதம்வரை போகும் என்கிறது அமெரிக்க அரசின் எரிபொருள் தளம். எஞ்சின் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. பெரிய எஞ்சின், நிறைய எண்ணெய், கனத்த ஆக்சில் உள்ள பிக்கப் சூடேற இன்னும் நேரமெடுக்கும். பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால். அதனால் மட்டும் 3 சதவீதம் போகும்.

எஃப்-150 எவ்வளவு கொடுக்கும் என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. அந்த ஒரே பெயரில் 2021 ஹைப்ரிட், இரு சக்கர இயக்கத்தில், சேர்ந்த எண் 25 என்று வந்தது. 2023 ராப்டர் ஆர், 12 என்று வந்தது. இரண்டுக்கும் நடுவில் எஞ்சின், ஆக்சில் விகிதம், நான்கு சக்கர இயக்கம், டயர் என்று தேர்வுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. சேற்றுக்கும் பாறைக்கும் ஆன கரடுமுரடான டயர், வண்டியை உயர்த்தும் பட்டறை வேலை இவையெல்லாம் வாங்கியபின் சேர்பவை. இவை எந்த ஸ்டிக்கரிலும் வராது.

பெரிய டயர் மாட்டியவர்கள் கணக்கில் கவனமாக இருக்க வேண்டும். 32 அங்குல டயருக்கு அமைத்த வண்டியில் 35 அங்குலம் மாட்டி, கணினியில் திருத்தம் செய்யாவிட்டால், சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும். ஓடோமீட்டருக்கு அது தெரியாது. உண்மையில் 300 மைல் ஓடியிருந்தால் அது 274 என்று காட்டும். 18 கேலன் செலவாகியிருந்தால் உண்மை மைலேஜ் 16.7, காகிதத்தில் வருவது 15.2. பெரிய டயர் மைலேஜைக் குறைப்பது உண்மை. ஆனால் இந்த ஒன்றரை மைல் தொலைந்தது சாலையில் அல்ல, கணக்கில். டாஷ்போர்டில் தெரியும் சராசரியும் ஒரு மதிப்பீடுதான், பெரும்பாலும் தாராளமான மதிப்பீடு. ஒரே பங்க்கில், முதல் தடவை பம்பின் முனை தானாக நிற்கும்வரை நிரப்பி, மூன்று நான்கு டாங்க்குகளின் மைலையும் கேலனையும் கூட்டி வகுப்பதே நம்பத்தக்க வழி. ஒரே டாங்க்கை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. பின்காற்று அடித்த ஒரு நாள் யாரையும் ஏமாற்றிவிடும்.

இவ்வளவு கணக்கு எதற்கு, பிக்கப் என்றால் குடிக்கத்தான் செய்யும் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களோடு எனக்குப் பெரிய வேறுபாடு இங்கேதான். குடிக்கும் வண்டியில்தான் ஒவ்வொரு மைலுக்கும் மதிப்பு அதிகம். டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008-இல் ‘சயன்ஸ்’ இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். கேலனுக்கு இத்தனை மைல் என்ற அளவு மக்களின் கணிப்பைத் தவறாக வழிநடத்துகிறது என்பது அவர்களின் கண்டுபிடிப்பு. ஆண்டுக்கு 15,000 மைல் ஓடும் இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். 30 கொடுக்கும் காரை விற்று 40 கொடுக்கும் காரை வாங்கினால் 500 கேலன் 375 ஆகிறது, மிச்சம் 125. 15 கொடுக்கும் பிக்கப்பை 18-க்குக் கொண்டுவந்தால் 1,000 கேலன் 833 ஆகிறது, மிச்சம் 167. பத்து மைல் முன்னேற்றத்தைவிட மூன்று மைல் முன்னேற்றம் அதிக பெட்ரோலை மிச்சப்படுத்துகிறது. 75-க்குப் பதில் 65-இல் போவது, டயருக்குச் சரியாகக் காற்று வைப்பது, தேவையற்ற உயர்த்தலைத் தவிர்ப்பது என்று இந்த மூன்று மைலைப் பெறும் வழி பிக்கப்காரர் கையிலேயே இருக்கிறது. 2013 மாடல் முதல் ஸ்டிக்கரில், 100 மைலுக்கு எத்தனை கேலன் என்ற எண்ணும் சின்ன எழுத்தில் இருக்கிறது. பெரிய எழுத்தில் இருக்க வேண்டியது அதுதான் என்பது என் கருத்து.

எதிர்பார்ப்பைத் தலைகீழாக்கும் வண்டி ஒன்றும் உண்டு. ஃபோர்டு மேவரிக் ஹைப்ரிட், 2022 மாடலாக வந்த சிறிய பிக்கப். நகரத்தில் 42, நெடுஞ்சாலையில் 33. பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலை பேட்டரிக்குள் திருப்பி எடுப்பதால் நெரிசலில்தான் அதற்கு லாபம். திறந்த சாலையில் வேகமாகப் போனால் பிரேக்குக்கு வேலையில்லை, காற்றோ வழக்கம்போல எதிரே நிற்கிறது. நெடுந்தூரம் ஓட்டுகிறவர் 42-ஐ மனதில் வைத்து வாங்கினால் ஏமாறுவார். நகரத்துக்குள்ளேயே சுற்றும் எலெக்ட்ரீஷியனுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி அமெரிக்கச் சந்தையில் அப்போது இருக்கவில்லை. இப்படிப்பட்ட சிறிய பிக்கப் அங்கே அரிதானதற்குப் பின்னணி உண்டு. இறக்குமதியாகும் இலகு டிரக்குகளுக்கு 1964 முதல் 25 சதவீத வரி உண்டு. ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக வந்தது அது. அந்தச் சுவருக்குள், நீளமும் அகலமும் கூடினால் சிக்கன இலக்கு தளரும் விதிகளும் சேர்ந்தபோது, சிறிய பிக்கப் தயாரிக்க நிறுவனங்களுக்கு ஆர்வம் குறைந்ததில் வியப்பில்லை. 2025-இல் அந்த இலக்கைத் தவறுவதற்கான அபராதத்தையும் அமெரிக்க அரசு பூஜ்யமாக்கிவிட்டது.

எனக்கு மிகவும் உறுத்தும் விஷயம் வேறு. ஏற்றக்கூடிய பாரத்தோடு சேர்த்து மொத்த எடை 8,500 பவுண்டுக்கு, அதாவது 3,856 கிலோவுக்கு, மேல் போகும் பிக்கப்புக்கு மைலேஜ் ஸ்டிக்கரே தேவையில்லை. எஃப்-250, சில்வராடோ 2500, ராம் 2500 எல்லாம் இந்த வகை. அதிகம் குடிக்கும் வண்டியை, அதிக விலைக்கு வாங்குகிறவருக்கு ஓர் எண்கூடக் காட்டப்படுவதில்லை. விற்பவர் வாய்வார்த்தையும் அக்கம்பக்கத்தார் அனுபவமும்தான் அவருக்கு ஆதாரம். அளக்க முடியாததால் அப்படி விட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 2014 மாடல் ஆண்டில் இந்தக் கனரக பிக்கப்புகளுக்கும் எரிபொருள், பசுங்குடில் வாயு விதிகள் வந்தன. எவ்வளவு ஏற்றும், எவ்வளவு இழுக்கும், நான்கு சக்கர இயக்கம் உண்டா என்பதையெல்லாம் சேர்த்து ஒவ்வொரு வண்டிக்கும் இலக்கு வகுத்தார்கள். அதற்காக அதே உருளைகளின்மேல், அதே நகர, நெடுஞ்சாலைக் கோடுகளில் அவற்றை ஓட்டிப் பார்த்தார்கள். முடிவுகள் அரசிடம் போயின, வாங்குகிறவரிடம் வரவில்லை. அவற்றை அச்சிட்டு ஜன்னலில் ஒட்டச் சொல்லச் சட்டத்தில் ஒரு திருத்தம் வேண்டும். புதிய ஆய்வுக்கூடம் ஒன்றும் வேண்டாம்.